பிறர் செயலுக்கு விடை சொல்லுதல்

தான் செய்யாத செயலுக்கும் தன் கண்முன் நடவாத நிகழ்ச்சிக்கும் ஒருவர் தம் வாயால் பொறுப்புடன் விடை கூற முடியுமா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. அந்தக் கேள்வி இக்காலத்தில் நாள்தோறும் எழும் இடம் நாடாளுமன்றத்தின் வினா நேரம். அதிலும் காவல்துறை குறித்த வினாக்களுக்கு நீதித்துறை அமைச்சர் விடையளிக்கையில் அது மிகுந்த அழுத்தம் பெறுகிறது. அயர்லாந்தின் நாடாளுமன்றக் கீழவையான டாயில் இதனை ஆராய ஏற்ற களமாகும். அந்நாட்டின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பில் 28ஆம் உறுப்பு, அரசாங்கம் அந்த அவைக்குப் பொறுப்புடையது என்று சுருக்கமாகக் கூறிவிடுகிறது. கார்டா எனப்படும் தேசியக் காவல்படை தன் ஆணையரின் கட்டளைப்படி இயங்குகிறது. அமைச்சர் எவரையும் கைது செய்வதில்லை, எந்த வழக்கையும் புலனாய்வதில்லை, எந்தக் காவல்நிலையத்தின் பதிவேட்டையும் எழுதுவதில்லை. ஆயினும் கைதும் புலனாய்வும் பதிவேடும் பிழைத்துவிட்டனவா என்று உறுப்பினர் கேட்கும்பொழுது எழுந்து விடை சொல்ல வேண்டியவர் அவரே.

இவ்வழக்கத்துக்கு அயர்லாந்தில் நீண்ட முன்வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் அமர்ந்திருந்த ஐரிஷ் உறுப்பினர்கள், தங்கள் ஊர்களில் காவலர் நடந்துகொண்ட முறை பற்றி அயர்லாந்துக்கான தலைமைச் செயலரை ஓயாது வினவினர். அன்னியர் ஆட்சியில் குடிகளுக்கு எஞ்சியிருந்த சில கருவிகளுள் வினாவும் ஒன்றாக இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1924ஆம் ஆண்டின் அமைச்சர்கள், செயலர்கள் சட்டம் ஒவ்வோர் அமைச்சரையும் ஒரு தனியாள் சட்டவுருவாக ஆக்கியது. அதாவது, பதவியில் அமரும் மனிதர் மாறினாலும் பதவி மாறாத ஒரே ஆளாகச் சட்டத்தின் கண்ணில் நிலைத்து நிற்கும். துறையில் எந்த அலுவலர் எதைச் செய்தாலும் அது அந்த ஆளின் செயலாகவே கொள்ளப்படும். சட்டத்துக்கு இது போதும். அறத்துக்குப் போதாது, ஏனெனில் அவையில் பேசுவது சட்டவுரு அன்று, உண்மையும் பொய்யும் தம் மனச்சான்றைத் தொடும் ஒரு மனிதர்.

அம்மனிதர் அறிந்தது எவ்வாறு அறியப்பட்டது என்பதிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும். அறிவு தோன்றும் வழிகளை அளவை என்பர். சைவ சித்தாந்தம் அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறது: புலன்களால் நேரே அறிவது காண்டல், அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல், பிறர் சொல்லக் கேட்டு அறிவது உரை. சித்தாந்தத்தில் உரை முதன்மையாக இறைநூலைக் குறிக்க, நியாய தரிசனமோ அதனை மனிதரின் கூற்றுக்கும் விரித்து, எவருடைய சொல் அளவையாகும் என்று வரையறுத்தது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்தவனும், அறிந்தபடியே பிறருக்கு அறிவிக்க விரும்புபவனுமே ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், என்றார்; அவ்விலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் சேர்த்துக் கூறினார். ஆக, குலமோ பதவியோ ஒருவரை ஆப்தனாக்குவதில்லை. நேரறிவும் மறைக்காத விருப்பமும் ஆகிய இரண்டுமே ஆக்குகின்றன. கார்டா அதிகாரிகள் தமக்குத் தெரிவித்துள்ளதாக முன்னுரைத்து நீதித்துறை அமைச்சர் படிக்கும் விடைகள் எல்லாம் இந்த உரை அளவையைச் சார்ந்தவை. அவற்றின் மதிப்பு முழுவதும், தெரிவித்தவர் ஆப்தனா என்பதிலேயே தங்கியிருக்கிறது.

2013இல் இச்சோதனை வெளிப்படையாகவே நிகழ்ந்தது. போக்குவரத்து விதியை மீறும் ஓட்டுநரின் கணக்கில் ஏற்றப்படும் தண்டப் புள்ளிகளை உயர் அதிகாரிகள் முறையான காரணமின்றி நீக்கிவிடுகின்றனர் என்று சார்ஜென்ட் மாரிஸ் மக்கேபும், காவலராகப் பணியாற்றிய ஜான் வில்சனும் வெளிப்படுத்தியிருந்தனர். உதவி ஆணையர் நிலையிலான ஒருவர் தலைமையில் காவல்படையே அதனை உள்ளுக்குள் விசாரித்தது. 2013 அக்டோபர் 1ஆம் நாள் நீதித்துறை அமைச்சர் ஆலன் ஷாட்டர், அவ்விருவரும் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று டாயில் அவையில் கூறினார். தம்மை எவரும் விசாரிக்க அழைக்கவே இல்லை என்பது மக்கேபின் நிலைப்பாடு. 2014 மார்ச்சில் கார்டா கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை புள்ளி நீக்க முறையில் பரவலான குறைகளை எடுத்துக்காட்டியது; அம்மாதம் 26ஆம் நாள் ஷாட்டர் அதே அவையில் தம் கூற்றைத் திருத்தி, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அதற்கு முந்திய நாளில் ஆணையர் மார்ட்டின் காலினன் பணியிலிருந்து விலகியிருந்தார்.

ஷாட்டர் அறிந்தே பொய் சொன்னார் என்று கூற இடமில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. குற்றச்சாட்டு காவல்படையின் மீது. அதனை மறுக்கும் தகவலைத் தந்ததும் காவல்படை. தன் வழக்கில் தானே சாட்சி சொல்பவரிடம் அறிந்தபடியே அறிவிக்கும் விருப்பம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை வேறொரு வழியால் உறுதி செய்யாதவரை அவரை ஆப்தன் எனக் கொள்ள இயலாது. மறுதரப்புக்கு எழுதிய ஒரு கடிதம் அந்த ஐயத்தைத் தீர்த்திருக்கக்கூடும். மேலும், அமைச்சரின் வாய்வழி வந்த அச்சொல் வெறும் தகவலாக நிற்கவில்லை. அவையின் பதிவேட்டில் ஏறி, தம் மேலதிகாரிகளை எதிர்த்து நின்ற ஒரு சார்ஜென்டின் பெயரின் மீது அரசின் தீர்ப்பாகவே விழுந்தது. தாம் கேட்டதைச் சொல்பவர் கேட்டதோடு நின்றுவிடுவதில்லை. தம் பதவியின் நம்பகத்தை அதற்குக் கடன் கொடுக்கிறார். கொடுத்த கணத்தில் அச்சொல் அவருடையதாகிவிடுகிறது. பிறர் செயலுக்கான பொறுப்பு எனப்படுவது, ஆழ்ந்து நோக்கினால், அமைச்சரின் சொந்தச் செயலான இந்த உறுதியளித்தலுக்கான பொறுப்பே.

கண்காணிப்பகம் போன்ற அமைப்புகளின் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. டோனகல் மாவட்டத்தில் காவலர் சிலரின் முறைகேடுகளை மோரிஸ் தீர்ப்பாயம் விசாரித்த காலத்தில், 2005ஆம் ஆண்டின் கார்டா சட்டம் கண்காணிப்பகத்தையும், காவலர் மீதான புகார்களை விசாரிக்கும் தனி ஆணையத்தையும் ஏற்படுத்தியது. 2024ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, புகார் ஆணையத்தின் இடத்தில் ஃபீஸ்ரூ என்னும் அமைப்பை நிறுவியது. காவல்படையைப் பற்றிக் காவல்படை சாராத ஒரு வாயிலாகவும் அமைச்சர் அறிய வகை செய்வதே இவற்றின் தத்துவ உள்ளடக்கம்.

அறியாமையால் வரும் பிழைக்கு நேர்மாறானது, அறிந்ததை ஒளித்து உண்மையையே பேசும் பிழை. கத்தோலிக்க அறவியலில் மன ஒதுக்கம் என்றொரு கோட்பாடு உண்டு: சொல்லின் ஒரு பகுதியை வாயால் கூறி, எஞ்சியதை மனத்துள் வைத்துக்கொள்வதால், கேட்பவர் தவறாக விளங்கிக்கொண்டாலும் சொன்னவர் பொய்யர் ஆவதில்லை என்பது அதன் சாரம். முழுவதும் மனத்துள்ளே முடியும் ஒதுக்கத்தை 1679இல் பாப்பரசர் பதினோராம் இன்னொசன்ட் கண்டித்து விலக்கினார். சூழலைக் கொண்டு கேட்பவர் ஊகித்துக்கொள்ள இடமுள்ள தளர்ந்த வடிவம் மட்டும் அறநூல்களில் தங்கிவிட்டது. 2009இல் வெளிவந்த மர்ஃபி ஆணைய அறிக்கை, குருமார் சிலர் சிறார்க்கு இழைத்த கொடுமைகளை டப்ளின் உயர்மறைமாவட்டம் கையாண்ட விதத்தை ஆராய்ந்தபோது, இக்கோட்பாடு ஐரிஷ் மக்களின் காதில் பேரதிர்ச்சியுடன் விழுந்தது. மறைமாவட்ட நிதி இழப்பீட்டுக்குப் பயன்படுத்தப்படுவதில்லை என்று நிகழ்காலத்தில் கூறியதால், முன்பு பயன்படுத்தப்படவில்லை என்று தாம் கூறியதாகாது என்பது கர்தினால் டெஸ்மண்ட் கானல் தந்த விளக்கம்.

நாடாளுமன்ற விடைகளை வரைவோர்க்கு இந்த மொழி அன்னியமானதன்று. கேட்கப்பட்ட சொல்லுக்கு மட்டும் இம்மியும் மிகாமல் விடை எழுதி, கேட்டவர் அறிய விரும்பியதைக் காலத்தின் விகுதிக்குள் மறைப்பது எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் பழகிய கலை. வழக்கு நீதிமன்றத்தில் நடைபெறுவதால் பேச இயலாது என்றோ, அன்றாடக் காவல் நடவடிக்கை ஆணையரின் பொறுப்பு என்றோ அமைச்சர் வெளிப்படையாக மறுப்பதை இதனோடு சேர்த்தல் ஆகாது. அமைச்சர் விரல் நீட்டியவரைக் காவல்துறை கைது செய்யும் நாட்டில் எவருக்கும் காப்பில்லை. ஆதலால் அந்த மறுப்புக்கு நியாயம் உண்டு, அது தன்னை மறுப்பு என்று அறிவித்தும் கொள்கிறது. மன ஒதுக்கமோ விடையின் வேடத்தில் வருகிறது. கேட்டவர் தமக்கு விடை கிடைத்துவிட்டது என்று நம்பி அடுத்த வினாவைக் கேளாது விடுகிறார். அந்த ஏமாற்றத்தில் பொய்க்கும் அதற்கும் உள்ள தொலைவு மிகச் சிறிது.

பொறுப்பையும் குற்றத்தையும் பிரித்தறிய வேண்டும் என்று ஹன்னா ஆரென்ட் 1968இல் நிகழ்த்திய உரையில் வற்புறுத்தினார்: குற்றம் செய்தவரை மட்டுமே சாரும், பொறுப்போ செய்யாதவரையும் ஒரு சமூகத்தின் அங்கம் என்னும் காரணத்தால் சாரும். காவல்நிலையங்களில் தொலைபேசி உரையாடல்கள் பதிவுசெய்யப்பட்டுவந்ததைக் குறித்துக் காலினன் 2014 மார்ச் 10ஆம் நாள் துறைக்கு எழுதிய கடிதம், அம்மாதம் 25ஆம் நாள்வரை ஷாட்டரின் கைக்கு வரவில்லை என்று இவ்விவகாரத்தை விசாரித்த ஃபெனலி ஆணையம் 2015இல் கண்டறிந்தது. தம் துறையின் மேசையிலேயே இருந்த தாளை அறியாத அமைச்சர் குற்றவாளி அல்லர். அத்தாள் ஏன் வரவில்லை என்று அவைக்குச் சொல்லும் கடமையிலிருந்து அவர் விடுபட்டவரும் அல்லர்.

இந்த வேறுபாட்டை அரசியல் பெரும்பாலும் பொறுப்பதில்லை. அது பலி கேட்கிறது. மக்கேபின் முறையீடுகளைப் பரிசீலித்த மூத்த வழக்கறிஞர் ஷான் கெரினின் அறிக்கையைத் தொடர்ந்து 2014 மே 7ஆம் நாள் ஷாட்டர் பதவி விலகினார். கெரின் மக்கேபை நேரில் கேட்டறிந்தார், ஷாட்டரைக் கேட்கவில்லை. மறுதரப்பையும் கேட்ட பின்னரே தீர்மானிக்க வேண்டும் என்பது இயற்கை நீதியின் முதல் விதிகளுள் ஒன்று. அவ்விதி ஷாட்டருக்கு மறுக்கப்பட்டது என்ற முடிவை 2019இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. மக்கேப், வில்சன் இருவரின் நிலையில் மீறப்பட்ட அதே விதி அமைச்சரின் நிலையிலும் மீறப்பட்டது என்பது ஒன்றை ஒன்று ஈடுசெய்வதன்று; இரண்டு மீறல்களும் தனித்தனியே நின்று வருத்துகின்றன.

பலியால் விடை கிடைப்பதில்லை என்பதை அடுத்து நடந்தவை காட்டுகின்றன. சமயங்களில் பலியும் பரிகாரமும் குற்றத்தின் சுமையை இறக்கிவைக்கும் வழிகள். விடை கேட்டு நிற்பவருக்கோ, விடை சொல்ல வேண்டியவர் அவையை விட்டு வெளியேறுவது வாயில் அடைபடுவதே ஆகும். ஷாட்டரின் இடத்துக்கு வந்த பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட், துறையின் தாள்களையும் காவல்படையின் தகவல்களையும் நம்பியே விடையளிக்க வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டு விசாரணை ஆணையம் ஒன்றின் முன் மக்கேபுக்கு எதிராகக் காவல்படை கைக்கொண்ட சட்ட அணுகுமுறை பற்றித் துறை எதை எப்பொழுது அறிந்தது என்று எதிர்க்கட்சியினர் 2017 நவம்பரில் தொடர்ந்து வினவ, பழைய மின்னஞ்சல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அம்மாதம் 28ஆம் நாள், அப்பொழுது துணைப் பிரதமராக இருந்த அவரும் விலகினார். 2018 அக்டோபரில் நீதிபதி சார்லட்டனின் தீர்ப்பாயம் மக்கேபின் நேர்மையை உறுதிசெய்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் முறைகேடாக எதையும் செய்யவில்லை என்றும் கண்டது. அவர் விலகியபோது அவையில் நின்ற வினாக்களுக்கு, ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்குப் பின்னர், அவைக்கு வெளியிலிருந்து ஒரு நீதிபதியே விடை தர வேண்டியிருந்தது.