கரியோடு ஒரு வாழ்க்கை

நியூயார்க் நகரின் வறிய பகுதியில் வளர்ந்து, பள்ளி ஆசிரியை உத்தியோகமே தமக்கு லபிக்கக்கூடியது என்றெண்ணி ஹன்டர் கல்லூரியில் சேர்ந்த மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ் அம்மையாரை, அங்கே பௌதிகம் கற்பித்த ராசலின் யாலோ, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர், விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பிவிட்டார். 1960-களில் சக விஞ்ஞானிகள் பெரும்பாலோர் குறைகடத்திகளை நாடி ஓடிக்கொண்டிருக்க, இவ்வம்மையாரோ பென்சில் முனையில் தேயும் கிராபைட் என்னும் கரியையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். காரணம் வேடிக்கையானது: போட்டி குறைந்த துறையாதலால், நான்கு குழந்தைகளை வளர்க்கும் தாய் சில நாள் ஆய்வுக்கூடத்துக்கு வர இயலாமற்போனாலும் எவரும் முந்திக்கொள்ள மாட்டார்கள் என்பதே. இதை லௌகிக விவேகம் எனலாமே தவிர, தியாகம் என்று புகழ்வது பிசகு. ஓர் அணுவின் கனமே உள்ள கரித்தாளைக் குழலாகச் சுருட்டினால், சுருட்டும் கோணத்தையும் குழலின் விட்டத்தையும் பொறுத்தே அது உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்துவதும் குறைகடத்தியாக நின்றுவிடுவதும் அமையும் என்று 1992-ல் அவரும் சகாக்களும் கணக்கிட்டுக் கூறினர். பரிசோதனையில் அது ருசுவாக 1998 வரை காத்திருக்க நேர்ந்தது. காவ்லி பரிசு அவரைத் தேடி வந்தது 2012-ல், எண்பத்தொன்றாம் வயதில். அப்போதும் அவர் எம்.ஐ.டி.யில் ஆய்வை விட்டபாடில்லை.