நாளைய மறதியை இன்றே அறியலாமா?

நினைவாற்றல் அல்லாஹ் அருளிய நிஃமத்துகளுள் ஒன்று. அதன் அருமை அது மங்கும்போதே தெரிகிறது.

அகரத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்ததும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், அத்தா லுஹரைத் தொழுத பிறகும் தொழவில்லையென்று மீண்டும் உளூச் செய்கிறார். என் பெயரும் அவருக்கு நினைவில்லை. இந்நோய் எனக்கும் வருமா என்று முன்கூட்டியே பார்க்கலாமாம். மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் 1906இல் எடுத்துரைத்த நோய் இது. 'ஏ.பி.ஓ.இ. நான்கு' எனும் மரபணு வகை உடையோர்க்கு இது வரும் வாய்ப்பு மிகுதி என்பது 1993இல் தெரியவந்தது. அமெரிக்காவில் எரிக் ரைமன் குழுவினர், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அவ்வகையைப் பெற்றிருந்தும் நினைவு குன்றாத நடுவயதினரின் மூளையைப் படமெடுத்து 1996இல் முடிவை வெளியிட்டனர். நோயாளிகளின் மூளையில் சர்க்கரைச் செலவு குன்றும் அதே பகுதிகளில் இவர்களுக்கும் அக்குறை தென்பட்டது. நம் அண்டை மாநிலத்தில், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆய்வு மையம் 45 வயதும் அதற்கு மேலும் ஆன கிராமத்தார் 10,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராயும் பணியை மேற்கொண்டுள்ளது. மரபணுச் சோதனையும் மூளைப் படமும் அதில் அடக்கம்.

மறைவானவற்றை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமான். எனினும் மேகத்தைக் கண்டு மழையை எதிர்பார்ப்பவன் மறைவை அறிந்தவனாகான். மூளைப் படம் காட்டுவதும் மேகத்தையே. அம்மரபணு உடையோரிலும் பலர் தெளிவோடு முதுமை எய்துகின்றனர். இல்லாதோரிலும் பலர் மறதியில் ஆழ்கின்றனர். ஆகவே ஆராய்தல் கூடும். அதைத் தக்தீரின் ஏடாக வாசிப்பதே பிழை.

கூடும் என்பது கடமை என்றாகாது. டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிந்த இருவருள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தம் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது, இந்த ஒன்றை மட்டும் தமக்கும் தெரிவிக்க வேண்டாமென்றார். அறியாதிருப்பதும் மனிதனின் உரிமையே.

மேலும், ஒருவரின் மரபணு அவருக்கு மட்டும் உரியதன்று. உடன்பிறந்தாரும் மக்களும் அதில் பங்குடையோர். அண்ணனைப் பற்றிய செய்தி வெளியே கசிந்தால் தங்கையின் நிக்காஹ் பேச்சு முறியலாம். எனவே அவ்வறிவு ஓர் அமானிதம்.

அவ்விளைஞரிடம் நாம் சொன்னோம்: "தம்பி, இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கிவைக்க எந்தச் சோதனை முடிவும் தேவையில்லை. ஆய்வுக்கு உங்களைத் தருவதானால், வருங்காலப் பிள்ளைகளுக்கான தர்மமென்று நிய்யத் வைத்துத் தாருங்கள். தள்ளாத முதுமையை விட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடினார்கள், நாமும் தேடுவோம். அறிவு நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை. ஆனால் அவரைப் பேணும் கடமை பிள்ளையை விட்டு நீங்காது. அத்தா மீண்டும் உளூச் செய்ய எழுந்தால் தடுக்காதீர்கள். தண்ணீர் எடுத்துக் கொடுங்கள்."