கோட்டை யாருடையது?

சென்ற திங்கள், கோபாலபுரத்திலிருந்து என் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு செஞ்சிக்குச் சென்றேன். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி - மூன்று குன்றுகள்; மூன்றையும் வளைத்து நிற்கும் மதில்கள்! இடையே கல்யாண மகால், களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம்! பாழடைந்த பின்னும் எழில் குன்றவில்லை, யார் மறுப்பர்?

படியேறுகையில் மாணவனொருவன் கேட்டான்: "ஐயா, இது யாருடைய கோட்டை?"

வரலாறு விடை தரத் தயங்கவில்லை. கோன் மரபினர் தொடங்கினர் என்பர், நாயக்கர் பெருக்கினர். 1649-இல் பீசப்பூர்ப் படை பறித்தது. 1677-இல் சிவாசி வென்றார். ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698-இல் மொகலாயர் கைப்பற்றினர். 1714-இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மாண்டான் தேசிங்கு. 1750-இல் பிரஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். 2025-இல் யுனெஸ்கோ, மராத்தியர் படையரண்கள் பன்னிரண்டில் ஒன்றாக இதனை உலக மரபுச் சின்னமாக்கிற்று.

"அப்படியானால், நமதில்லையா?" என்றான். முகம் வாடிற்று.

"தொடங்கிய கோன்கள் நம்மவரன்றோ!" என்று கூற என் நா துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஏன்?

நம்மவன் ஆண்டால் பெருமை, அயலான் ஆண்டால் சிறுமை - இதுவா அறம்? பாறை சுமந்து தோள் புண்ணானவனுக்கு, மன்னன் தன் மொழி பேசினான் என்பது மருந்தாகுமா? கொடி மாறிற்று, கோல் மாறிற்று, வரி கேட்ட குரல் மாறிற்று. வரி கொடுத்த கை மட்டும் மாறவேயில்லை! களஞ்சியத்தை நிரப்பிய உழவன் பெயர் எந்தப் பட்டியலில் உள்ளது?

வியந்து நிற்பவன் வினவ மறக்கிறான். தேசிங்கின் வீரம் பாடும் கதை, அவன் மனைவி தீப்பாய்ந்ததையும் சிறப்பென்றே பாடுகிறது. கேட்போர் கண்ணீர் விடுகின்றனர்; அந்தத் தீயை மூட்டிய வழக்கம் எதுவென்று கேட்பவர் எத்தனை பேர்?

"அப்படியாயின், மதிலை இடித்துவிடலாமே!" என்பர் சிலர். கூடாது, தோழர்களே! இடிப்பது, உழைத்தவனை இரண்டாம் முறை மறப்பதாகும். மதில் நிற்கட்டும், அதைப் படிக்கும் முறை மாறட்டும்.

மாணவனிடம் சொன்னேன்: "தம்பி, இந்தப் படியைத் தொட்டுப் பார். இதைச் செதுக்கியவனுக்கு நீ உறவு கொண்டாடினால், கோட்டை உனது. அவனை ஏவியவனுக்கு உறவு கொண்டாடினால், நீயும் அவனை ஏவியவனாவாய்."

தொட்டான். பிறகு கேட்டான்: "அவர் பெயரென்ன, ஐயா?"

ஆண்டவர் பெயர்களை அடுக்கிய எனக்கு விடையில்லை.

தோழர்களே, செஞ்சிக்குச் செல்லுங்கள். வியப்போடு ஏறுங்கள், அந்த வினாவோடு இறங்குங்கள்!