ஐந்தாவது குருவி



வானத்துப் பறவைகளை உற்றுப் பார்க்கும்படி ஆண்டவர் சொன்னார் (மத். 6:26). கவலைப்படாதிருங்கள் என்பதைப் பிடித்துக்கொண்ட நாம், பார்க்கச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டோம்.

சித்திரை விடுமுறையில் கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகையையும் வாவியையும் பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மாளிகைக்குப் பின்னால் நூறு ஹெக்டயருக்குச் சற்று அதிகமான காடு ஒன்று நிற்கிறது. உடவத்தகெலே என்பது அதன் பெயர். கண்டி மன்னரின் தோட்டமாக இருந்து, 1938ஆம் ஆண்டில் சரணாலயமானது. ஒரு காலை வேளை அங்கே நடந்து பாருங்கள். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது நல்லது.

மேலே கிளைகளில் ஓயாமல் கூவுவது குக்குறுவான். அதில் மஞ்சள் நெற்றியுள்ள இனம் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கீழே, காய்ந்த சருகைப் புரட்டிப் பூச்சி தேடும் இன்னொரு பறவை: பச்சை முதுகு, வயிற்றின் அடியில் சிவப்பு, குட்டை வால். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி என்கிறோம். இது இந்தியாவில் கூடு கட்டி, குளிர்காலத்தில் கடல் தாண்டி இங்கே வருவது; சித்திரையோடு திரும்பிவிடும். ஊர்க்காரனுக்கு மரத்தின் பழம், வந்தவனுக்கு நிலத்தின் புழு. ஒரே காடு இருவருக்கும் உணவளிக்கிறது.

நம்மில் பலருடைய முன்னோரும் அப்படிக் கடல் தாண்டியவர்களே. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து அதை நினைவுகூர்ந்தார்கள்.

இப்போது லூக்கா நற்செய்தியைத் திறவுங்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவிலோ இரண்டு காசுக்கு ஐந்து (12:6). கணக்குப் பார்த்தால் நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது, விலையே இல்லாமல் கொசுறாகப் போட்டது. அதையும் இறைவன் மறப்பதில்லை என்கிறார் இயேசு.

மனிதர் கணக்கு வேறு விதமானது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமையின்றி நின்ற தோட்ட மக்களை, 1964ஆம் ஆண்டில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து ஆண்டுகள் சென்று, 1974இல், ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று அவர்களைக் கேட்டுச் செய்த பங்கீடு அல்ல அது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று.

அரசுகளைக் குறைசொல்வது எளிது. நம் வீடுகளில் எத்தனை ஐந்தாவது குருவிகள்! தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்ணின் லயத்து வீடு எங்கே இருக்கிறது, தாய் பிழைத்திருக்கிறாளா, கடைசியாக எப்போது ஊருக்குப் போனாள் என்று கேட்டதுண்டா? ஞாயிறு பூசைக்கு நாம் எல்லாரும் போகும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பவள் அவள்தானே.

இந்த விடுமுறையில் உடவத்தகெலேக்குப் புறப்பட்டால் நுழைவுச்சீட்டு அவளுக்கும் சேர்த்து வாங்குங்கள். சாப்பாட்டுக் கூடையை அவள் தலையில் வைத்துவிடாதீர்கள். குருவியை அவளே முதலில் கண்டுபிடித்துக் காட்டினாலும் காட்டுவாள்.