ஒட்டுத் துணியின் அறம்

வேலணையில் எங்கள் அப்பாச்சி வாழ்ந்த வீட்டிலே, மார்கழி வாடைக்கு அஞ்சிய பிள்ளைகள் எல்லாரையும் ஒருங்கே மூடத்தக்க கனத்த போர்வை ஒன்று இருந்தது. கடையில் வாங்கிய போர்வையன்று அது. நைந்துபோன படுக்கை விரிப்புகள் இரண்டை மேலும் கீழுமாக இட்டு, இடையே பழஞ்சேலைகளை மடித்து அடுக்கி, நூலோடித் தைத்த ஒட்டுப் போர்வை. விரிப்பின் நடுப்பகுதிதான் முதலில் இற்றுப்போகும்; ஓரங்கள் உரம் குன்றாதிருக்கும். ஆதலால் அதனை நடுவே கிழித்து, ஓரங்களை உட்புறமாகச் சேர்த்துத் தைத்து, மேலும் சில ஆண்டுகள் அதனை உழைக்கச் செய்வார் அப்பாச்சி. அதற்கும் உதவாத நிலையிலேயே அது போர்வையின் பாகமாகும். "கிழியாத சீலையிலே கத்தரிக்கோல் வைக்கிறது பாவம், மோனை" என்பது அவர் கட்டளை.

அண்மையில் அதே தீவகத்தில், உறவுப் பெண்ணொருத்தி ஒட்டுப் போர்வை தைத்துக்கொண்டிருக்கக் கண்டேன். ஆனால் அவள் வெட்டியது கந்தலை அன்று. வெளிநாட்டிலுள்ள தமையன் பொதியில் அனுப்பிய புத்தம் புதிய பருத்தி விரிப்புகளை. விரிப்பு அகலமானது, ஆதலால் போர்வையின் அடிப்புறம் மூட்டின்றி ஒரே துணியாக அமையும் என்றாள். நெசவு மிக நெருக்கமாயின் கையூசி இறங்க மறுக்கும் என்றும், சுருங்கும் துணியை வெட்டுமுன் துவைத்துக் காயவிட வேண்டும் என்றும் தொழிலின் நுட்பங்களை விளக்கினாள். தாய்க்கோ பொறுக்கவில்லை. "நல்ல துணியைப் பாழாக்கிறாள், அண்ணை" என்றார். மகள் என்னை நிமிர்ந்து பார்த்து, "பாவமோ, மாமா?" என்று கேட்டாள்.

சிறிய வினாத்தான். ஆயினும் ஒரு பொருளை எவ்வாறு பயன்படுத்துவது அறம் என்ற பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவின் நாகதீப விகாரைக்குச் செல்லும் யாத்திரிகர் பலர். அவர்கள் வணங்கும் புத்தர்பெருமானின் சங்கத்து ஒழுக்கங்களைக் கூறும் வினய பிடகத்தில், துணியைப் பற்றிய அரிய உரையாடல் ஒன்றுண்டு. பெருங்கதையால் தமிழரும் அறிந்த உதயண மன்னனின் தேவியர், கோசாம்பியில் ஆனந்தருக்கு 500 ஆடைகளை வழங்கினர். இத்தனை ஆடைகளைப் பெற்ற துறவி துணிக்கடை வைக்கப் போகிறாரோ எனச் சினந்த அரசன் நேரிற் சென்று வினவினான். ஆடை நைந்த துறவியர்க்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகளை என் செய்வீர்? விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தையுறையாக்குவோம். அவை பின்னர்த் தரைவிரிப்பாகும், தரைவிரிப்பு கால்மிதியாகும், கால்மிதி தூசு துடைக்கும் துணியாகும், அதுவும் நைந்தபின் துண்டுதுண்டாக்கிக் களிமண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம் என்றார். மன்னன் மனநிறைவுற்று மேலும் 500 ஆடைகளை வழங்கினான் என்பது கதை.

இக்கதை அப்பாச்சியின் கட்டளைக்கு அரண் செய்வதாகத் தோன்றும். ஆனால் விடைகளின் ஒழுங்கைக் கூர்ந்து நோக்குக. ஆனந்தர் முதலிற் கூறியது சிக்கனமன்று, பங்கீடு. இல்லாதவர்க்கு ஆடை கிடைத்த பின்னரே கந்தலைப் பேணும் பேச்சு எழுகின்றது. பங்கீடு முந்தியது, சிக்கனம் பிந்தியது.

நம் சமுதாயமோ இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தலாகாது, மேலாடை அணியலாகாது என்று தடுத்த வழக்கங்கள் நம் பாட்டன்மார் காலத்திலும் உயிரோடிருந்தன. சாதியின் பெயரால் சமூக உரிமைகளை மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல்தான் இயற்றப்பட்டது. முழத் துணிக்கு மேல் உடுக்க உரிமையற்றிருந்த மனிதனிடம் துணியைச் சிக்கனமாகப் பேணுக என்று உபதேசிப்பது அறமா, பரிகாசமா? தானே ஏற்றுக்கொண்ட எளிமை பண்பாகலாம். பிறர் சுமத்திய இல்லாமைக்கு அப்பெயர் பொருந்தாது.

இல்லாமை அழகையும் படைத்ததே என்று கூறுவாருளர். உண்மையே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், நைந்த வேலையுடைகளையும் தீவனச் சாக்குகளையும் கொண்டு குளிருக்குத் தைத்த போர்வைகள், 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலே ஓவியங்களைப் போல் மாட்டப்பட்டன. 2006இல் அந்நாட்டின் அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. ஆனால் அப்போர்வைகளை வியப்பவர்கள் மறக்கும் ஆண்டு ஒன்றுண்டு. குடியுரிமைப் போராட்டம் கொதித்த 1966ஆம் ஆண்டிலே அவ்வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் தையலுக்கு விலை கேட்கத் துணிந்தார்கள். அழகு அவர்களிடம் முன்னரே இருந்தது, இல்லாதிருந்தது கூலியே.

இனி, கிழியாத துணியைக் கிழிப்பது எப்போதும் பாவந்தானா? 2009இல் வன்னியில் எறிகணைகளுக்கு நடுவே, பதுங்குகுழிகளுக்கு மண்மூட்டை தேவைப்பட்டபோது, பெண்கள் பெட்டியிற் காத்துவைத்த நல்ல சேலைகளையும் வெட்டித் தைத்தார்கள். அதனைப் பாவமென்று சொல்லத் துணிவார் யார்? 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது, நான்கு மூலையும் முடிந்த படுக்கை விரிப்பே பல குடும்பங்களுக்குப் பெட்டியாயிற்று. அப்பாச்சியின் போர்வை அந்நாளில் வீட்டோடு போயிற்று. துணி மனிதனுக்காகவேயன்றி மனிதன் துணிக்காக அல்லன்.

அவ்வாறாயின் அப்பாச்சி கூறியது பொய்யா? அன்று. நல்ல துணியை வெட்டுவது ஏன் பாவமாகத் தோன்றியது? பருத்தி விளைத்தவன், நூற்றவள், நெய்தவன் ஆகியோரின் உழைப்பு அதனுள் உறைந்திருப்பதால் அன்றோ? அவ்வுழைப்பை வீணாக்குவதே பாவம். இக்காரணம் உண்மையாயின், அது கத்தரிக்கோலோடு நின்றுவிடாது. ஊசி பிடித்த கைவரை வந்து சேரும்.

ஆகவே நான் அப்பெண்ணிடம் வேறு கணக்கைக் கேட்டேன். ஒரு போர்வைக்கு இருபது நாள் செல்கிறது என்றாள். வாங்கிச் செல்லும் வியாபாரி கொடுக்கும் விலையிலிருந்து நூலின் செலவைக் கழித்துப் பார்த்தோம். தோட்டத்திலே களை பிடுங்குபவருக்குக் கிடைக்கும் நாட்கூலியிலும் அது குறைவாயிருந்தது. துணிக்கு விலை வைத்திருந்தால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சியிராது. "பாவம் இருக்கிறது, பிள்ளை. ஆனால் அது உன் கத்தரிக்கோலில் இல்லை" என்றேன்.

தாய் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அயலிலே இன்னும் நாலைந்து பெட்டையள் தைக்கினம்" என்றார். 1930களிலேயே மூளாயில் கூட்டுறவு முறையில் மருத்துவமனை நிறுவிக் காட்டிய மண் இது. நாலைந்து பெண்கள் ஒன்றுகூடித் தம் போர்வைக்கு ஒரே விலை சொல்வது இயலாத காரியமன்று.

ஊர்காவற்றுறைத் தேவாலயங்களில் வாசிக்கப்படும் விவிலியத்தில், பழைய ஆடையில் சுருங்காத புதுத்துணியை ஒட்டுப்போட்டால், புதியது பழையதை இழுத்து மேலும் கிழிக்கும் என்றோர் உவமை வரும். தையல் அறிந்த எவளும் அதனை ஒப்புவாள். பங்கீடற்ற சமுதாயத்தின் மேல் சிக்கனம் பற்றிய உபதேசத்தை ஒட்டுப்போடுவதும் அத்தகையதே.

ஆண்டுதோறும் நம் வகுப்பறைகளில் 'சிக்கனம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுவிக்கிறோம். ஆசிரிய நண்பர்கள் அடுத்த முறை 'பங்கீடு' என்று கரும்பலகையில் எழுதிப் பார்ப்பார்களாக. ஒட்டுப்போட்ட சட்டையோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் என்ன எழுதுகிறான் என்பதைப் படித்தறிதல் நம் எல்லோருக்கும் நன்று.