கணக்கு உதைக்கிறது

டேஷ்போர்டில் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. வண்டி ஒழுங்காக ஓடுகிறது. இழுவை குறையவில்லை, சத்தம் மாறவில்லை. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் யாரும் ஓரங்கட்டிவிடுவார்கள். இந்த மஞ்சளோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவர்கள் உண்டு. ஒருவர் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மினுக் மினுக்கென்று எரிந்தால் மட்டும் உடனே காலை எடுக்க வேண்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய்ச் சூடேற்றி அதைப் பாழாக்கிக்கொண்டிருக்கும். நிலையாக எரிந்தால் அவகாசம் இருக்கிறது, யோசிக்கலாம்.

*

இந்த விளக்கு பிறந்தது ஊர்க் காற்றை உத்தேசித்து. லாஸ் ஏஞ்சலிஸில் கண்ணைக் கரிக்கவைத்த புகைமூட்டத்தில் வாகனப் புகைக்கும் பங்குண்டு என்று கண்டு சொன்னவர் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர். அதற்குமுன் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பழத்தின் மணத்தைக் குளிரவைத்துப் பிடித்த வழியிலேயே ஊர்க் காற்றையும் பிடித்துப் பார்த்தார். 1968-ல் கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் ஆனார். அந்த வாரியத்தின் கெடுபிடியில்தான் வண்டிகள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளக் கற்றன. 1996 முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஓபிடி-2 என்ற இந்தச் சுயசோதனை முறை கட்டாயம். இந்தியாவில் அது 2013-ல் வந்தது. அதனால்தான் வண்டி நன்றாக ஓடும்போதும் விளக்கு எரிகிறது. அதன் கவலை புகை.

*

என் வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட். ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்ற கோடு. காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. “ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்” என்றார் முதலில் பார்த்தவர். சேதி கொண்டுவந்தவனையே வீட்டுக்கு அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம்.

கோடு எந்தப் பாகத்தின் பெயரையும் சொல்வதில்லை. கணக்கு உதைக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் சென்சார் உள்ளே வரும் காற்றை அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், “இன்னும் காற்று மிச்சம்” என்றால் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கிறது. அப்படிக் கூட்டுவதன் சதவீதத்துக்கு ஃப்யூவல் ட்ரிம் என்று பெயர். பத்துக்குள் இருந்தால் வழக்கம். இருபது, இருபத்தைந்தை ஒட்டிப் போனால் கம்ப்யூட்டர் கை விரித்துவிடும். அப்போதும் உடனே விளக்கைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே குறை தென்பட்டால்தான் போடும்.

*

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. “எப்ப சார் வருது? காலைல எடுத்ததுமா, ஓடி சூடானப்புறமா?” என்றார். நான் யோசிப்பதற்குள் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்துவிட்டார். விளக்கு எரிந்த நொடியில் என்னென்ன நடந்தது என்ற பதிவு அது. தண்ணீர்ச் சூடு 92 டிகிரி, வேகம் பூஜ்யம். “சிக்னல்ல நிக்கும்போது” என்றார் தனக்குத்தானே.

இன்ஜினைச் சூடாக்கினார். ஐடிலில் ட்ரிம் 24. ஆக்சிலேட்டரைக் கொடுத்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 6. இந்த இரண்டு எண்களில் பாதி விசாரணை முடிந்துவிடுகிறது. ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், மேனிஃபோல்டில் உறிஞ்சல் பலமாக இருக்கும். சென்சாரைத் தாண்டி ஏதாவது கீறல் வழியே களவாக நுழையும் காற்று அப்போது பெரிய பங்கு. த்ராட்டில் திறந்தால் உறிஞ்சல் குறையும், முறையாக வரும் காற்றோ பல மடங்காகும். மாசக் கடைசியில் 100 ரூபாய் குறைந்தால் உறைக்கும், சம்பளத்தன்று தெரியாது. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் இது தலைகீழ், மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறும். கோடு இரண்டுக்கும் ஒன்றே. காற்றை எடைபோடாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் இந்தக் குறி இவ்வளவு தெளிவாக விழாது.

*

மழைக்காலம் என்றால் எங்கள் பக்கம் முதல் சந்தேகம் எலிமேல். ஒயர்களை ஒருமுறை தடவிப் பார்த்தார், கடி இல்லை. பிறகு ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இன்ஜினின் உள்புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி ஹோஸின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நின்றது. லேசாக மடக்கினதும் கீறல் வாய் திறந்தது, இன்ஜின் ஒரு நொடி தடுமாறியது. விரலை எடுத்தால் ஒட்டிக்கொண்டது. “ஆறியிருந்தா மூடிக்கும் சார். சூட்டுல இளகுனாதான் பிளக்கும்.” காலை நேரத்தில் பார்த்த முதலாமவருக்கு அது அகப்படாமல் போனதில் வியப்பில்லை.

*

புது ஹோஸ் மாட்டியாயிற்று. கோடை அழிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றார். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுகிற பழைய வைத்தியமும் இதே ரகம்தான். விளக்கோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும், வண்டி அதுவரை கற்றுவைத்த ட்ரிம்மும் போகலாம், உள்சோதனைகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். “நாம அழிச்சா, சரியாச்சுன்னு யார் சொல்றது?” சோதனை அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் தேறினால் விளக்கை வண்டியே அணைத்துவிடும். அணைத்தும்விட்டது. நினைவில் இருக்கும் கோடு அழிய 40 முறையாவது இன்ஜின் சூடாகி ஆற வேண்டும்.

ஐடிலில் ட்ரிம் இப்போது 3, ஏசி போட்டால் 5. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸுக்கும் அதே வயதுதான். அடுத்த சர்வீஸில் அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.