பொறுமையா, பயமா?



போன தைப்பூசத்துக்கு எங்க பெரியப்பா பொண்ணு ஊருக்கு வந்திருந்தாங்க. அடுப்படியில் என் கை தவறி ஒரு டம்ளர் தண்ணி கொட்டிடுச்சு. "சாரி சாரி, நான் துடைச்சிடறேன்" என்று பதறியது அக்கா. முகமே வெளிறிப் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி வீடே அதிர சிரிக்கிற ஆள் அவங்க.

மாமா கை நீட்டுவார் என்பது எங்க வீட்டில் எல்லாருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். "அவ பொறுமைசாலி, முருகன் பார்த்துப்பான்" என்று சொல்லியே ஆறு வருஷம் ஓட்டிட்டோம். நானும் சொல்லியிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. இத்தனை நாள் நாம பாராட்டினது பொறுமையையா, பயத்தையா?

கோபப்பட முடிஞ்சவர் கோபப்படாமல் இருப்பதுதான் பொறுமை. பேசினால் அடி விழும் என்று வாயை மூடிக்கொள்வது பயம்.

உடம்புக் காயம் பத்து நாளில் ஆறிடும். மனசு அப்படி இல்லை. அடுத்து எப்போ என்று காத்திருந்தே தூக்கம் போகும். சின்ன சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். "தப்பு என் மேலதானோ" என்ற எண்ணம் ஊறிப்போகும். அடித்தவரே மறுநாள் மல்லிப்பூவோடு வந்து மன்னிப்பு கேட்பார், இனி மாறிடுவார் என்று நம்பத் தோணும். திரும்பவும் அடி. இந்தச் சுழற்சியை அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-லேயே எழுதியிருக்கார். அதனால் "ஏன் விட்டுட்டு வரலை?" என்று அவங்களைக் கேட்பதும் நியாயமில்லை.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்காங்க. 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், திட்டி அவமானப்படுத்துவதையும் வன்முறை என்றே சொல்லுது.

முருகன் மேல பாரத்தைப் போடுவது அக்காவுக்குத் தெம்பு. அதையே நாம அவங்களுக்குச் சொன்னால், நம்ம பொறுப்பிலிருந்து நழுவுறோம்னு அர்த்தம்.

மறுநாள் தனியாக இருக்கும்போது கேட்டேன், "அக்கா, நீங்க என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?" ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இப்படி யாருமே என்கிட்ட கேட்டதில்லடா" என்றாங்க.

எப்போ வேணும்னாலும் கிளம்பி வரலாம் என்று சொல்லி, 181 பெண்கள் உதவி எண்ணையும் கொடுத்தேன். 24 மணி நேரமும் பேசலாம். அக்கா இன்னும் முடிவெடுக்கலை. நான் அவசரப்படுத்தலை, வாராவாரம் போன் மட்டும் பண்றேன்.

உங்க வீட்டிலும் ஒரு "பொறுமைசாலி" இருந்தால், தனியாக உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்க.